இட்லிச் சட்டியில் மயில்நீலம்

அடுப்படியில் நிற்கும்போது எனக்கு நினைப்பு நின்ற இடத்தில் நிற்காது. இந்த வயசுக்கு மேல் அதை ஒளித்து என்ன ஆகப்போகிறது? குக்கர் எத்தனை விசில் விட்டது என்று எனக்கு ஒரு நாளும் தெரிந்ததில்லை. முதல் விசிலுக்கும் இரண்டாவது விசிலுக்கும் நடுவில் நான் பழனி மலையில் பாதிப் படி ஏறியிருப்பேன்.

எங்கள் வீடு நெருப்பெரிச்சல் என்கிற பனியன் ஊரில். இரண்டு பக்கமும் பனியன் துணி பின்னுகிற நிட்டிங் கம்பெனி. பகல் முழுக்க மிஷின்கள் ஒரே சுதியில் முனகிக்கொண்டிருக்கும். அதைக் கேட்டால் தொட்டில் பிள்ளை மாதிரி எனக்குக் கண் சொருகும். சன்னல் வழியாகப் பஞ்சுத் தூசி மிதந்து வரும். வெயில் பட்டால் ஒவ்வொரு தூசியும் தனித்தனியாக மினுங்கும். அதைப் பார்த்துக்கொண்டே நான் தீய விட்ட குழம்புகளை வரிசையாக வைத்தால் பழைய பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போகும்.

இன்னொரு குறை கூச்சம். என் வீட்டுக்காரருக்கு வலது காதுக்குக் கீழே ஒரு மச்சம் இருப்பது கல்யாணமாகி இரண்டு வருடம் கழித்துத்தான் எனக்குத் தெரியும். (அதுவரை நிமிர்ந்து பார்த்தால்தானே?) வீட்டுக்கு யாராவது வந்தால் தண்ணீரைக் கொடுத்துவிட்டுக் கதவுக்குப் பின்னால் போய்விடுவேன். என் குரலைக் கேட்காமலே செத்துப்போன சொந்தக்காரர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

இந்த இரண்டு குறையும் சேர்ந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைச் சந்தியில் நிறுத்தின.

அதற்கு முந்தின கோடையில் என் வீட்டுக்காரருக்கு நெஞ்சை அடைத்து, ஆஸ்பத்திரியில் குழாய் வைத்து, திருப்பி அனுப்பியிருந்தார்கள். "எண்ணெயில் பொரித்தது எதுவும் ஆகாது. ஆசைக்குக்கூட ஒன்று வேண்டாம். மறுபடி அடைத்தால் என் கையில் இல்லை" என்று டாக்டர் சொன்னார். என் வீட்டுக்காரரோ நாற்பது வருடம் பனியன் கம்பெனி டெய்லர். சாயங்காலம் டீ டைம் மணி அடித்ததும் மசால் வடையும் மிளகாய் பஜ்ஜியும் உள்ளே போய்ப் பழகிய உடம்பு. வேலையை விட்ட பிறகும் நாலரை மணி ஆனால் கால் தானாகச் செருப்பைத் தேடும். நான் வேகவைத்த கொள்ளையும் பயறையும் தட்டில் வைப்பேன். மாத்திரை முழுங்குகிற மாதிரி முழுங்குவார். முழுங்கிவிட்டு ரோட்டைப் பார்ப்பார்.

ஒரு நாள் துவைக்கப் போட்ட அவர் சட்டையைப் பார்த்தேன். பையில் எண்ணெய்க் கறை. நான் இருபத்திரண்டு வருடம் கம்பெனியில் செக்கிங் பார்த்தவள். ஊசிமுனை அளவு கறை இருந்தாலும் பீஸை ஒதுக்கிவிடுவேன்.

"ஏனுங்க, இது மிஷின் ஆயில் இல்லீங்களே?"

"ஒண்ணே ஒண்ணுதான் புள்ள."

"டாக்டரு என்னங்க சொன்னாரு?"

"அந்தாளு நாக்கில்லாம பொறந்தவரு."

அன்றைக்கு வெங்காயம் அரிந்துகொண்டே அழுதேன். (வீட்டில் அன்றைக்கு வெங்காயமே இல்லை.)

மருமகள் கோகிலா எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். பையர், சாம்பிள், அப்ரூவல் என்று பேசுகிற பெண். என் முகத்தைப் பார்த்துவிட்டு போனில் ஒரு வீடியோவைக் காட்டினாள்.

"பாருங்கத்தை, பொரிக்காமயே வடை. ஆவில வேகவெச்சுத் தோசைக்கல்லுல வாட்டுனா மொறுமொறுன்னு வருதாமா. எண்ணெ இல்லாத குறை தெரியாம இருக்கோணும்னா காரத்தைத் தூக்கலாப் போடோணுமாமா."

கொள்ளும் கடலைப்பருப்பும் ஊறவைத்து, பச்சை மிளகாய், இஞ்சி, மிளகு, மஞ்சள்தூள், கறிவேப்பிலை போட்டுக் கொரகொரவென்று அரைத்து, இட்லிச் சட்டியில் வைத்து நான்கு வடை செய்து பார்த்தேன். கல்லில் வாட்டி ஒன்றைக் கடித்தேன். ஓரம் முறுமுறு, நடுவில் மெத்து. காரம் மட்டும் காது வழியாக வெளியே போனது. பஜ்ஜி மிளகாயைக் கீறி அதே மாவை உள்ளே வைத்து வேகவைத்தேன். அதுவும் தேவலாம். எனக்குச் சந்தோஷத்தில் படபடப்பு. அவரிடம் போய்ச் சொன்னேன்.

அவர் யோசித்தார். "நான் தின்னு பாத்துச் சொன்னா உனக்கு நம்பிக்கை வராது. எனக்கும் வராது. வர்ற ஞாயித்துக்கெழம மணியையும் ராமசாமியையும் வரச் சொல்றேன். ரெண்டு பேருல ஒருத்தனாச்சும் 'இன்னொண்ணு குடுங்க'ன்னு வாயத் தொறந்து கேட்டான்னா நான் இனிமே கடைப்பக்கம் தலைவெச்சுப் படுக்கல. கேக்கலீன்னா நீ என் சட்டைப்பையைப் பாக்கப்படாது."

"ஆண்டவன் மேல சத்தியமுங்களா?"

"சத்தியம் புள்ள."

மணியண்ணன் சாயப்பட்டறையில் டையிங் மாஸ்டராக இருந்தவர். ராமசாமியண்ணன் கட்டிங் மாஸ்டர். இவர்கள் மூன்று பேரும் சேர்ந்து தின்ற பஜ்ஜிக்கு ஒரு கடைக்காரர் மாடி வீடே கட்டினார். அப்படிப்பட்ட நாக்குகளுக்குத்தான் நான் எண்ணெய் இல்லாத வடை போட வேண்டும். போட்டது பிடிக்கவில்லை என்றால் இவர் கடைக்குப் போவார், நான் வாயைத் திறக்க முடியாது. நான்கு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. கோகிலாவுக்கு ஷிப்மென்ட், காலையிலேயே போய்விட்டாள். வானம் மூடிக்கொண்டு, மழை வரவும் இல்லை, வராமலும் இல்லை. வீட்டுக்குள் பகலிலேயே அந்தி மாதிரி ஒரு வெளிச்சம். பக்கத்துக் கம்பெனியில் மிஷின் முனகிக்கொண்டிருந்தது. முப்பது வடை தட்டினேன். தட்டி முடித்தபிறகுதான் பார்த்தேன், இட்லித் துணி ஒன்றுதான் இருக்கிறது. அதுவும் நைந்து கிழிந்தது.

எங்கள் ஊரில் துணிக்கு யாரும் கடைக்குப் போக மாட்டோம். எல்லா வீட்டிலும் கதவுக்குப் பின்னால் ஒரு பை நிறையக் கட்டிங் வேஸ்ட் தொங்கும். கம்பெனியில் பனியன் வெட்டி மிச்சப்பட்ட துண்டுகள். துடைக்க, சூடான பாத்திரம் பிடிக்க, தலையணைக்குள் திணிக்க, எல்லாவற்றுக்கும் அதுதான். வெள்ளைத் துண்டு அடுப்படிக்கு, கலர்த் துண்டு தரைக்கு. இதை எங்கள் வீட்டில் சட்டமாகப் போட்டவளே நான்தான்.

பைக்குள் கையை விட்டேன். வெள்ளை தீர்ந்திருந்தது. கையில் வந்தது ஒரு மயில்நீலத் துண்டு. அந்த மங்கல் வெளிச்சத்தில் அது தானாக ஒளி விடுகிற மாதிரி இருந்தது. மயில் கழுத்தைத் திருப்பும்போது ஒரு கணம் வருமே, அந்த நிறம். கன்னத்தில் வைத்துப் பார்த்தேன். மேகத்தைத் தொட்ட மாதிரி மெத்தென்று இருந்தது. இவ்வளவு அழகான துணியின் மேல் வெந்தால் வடைக்கும் ஒரு களை வரும் என்று எனக்குத் தோன்றியது. (ஏன் தோன்றியது என்று என்னைக் கேட்காதீர்கள். எனக்கே தெரியாது.) அடித்தட்டுக்கு ஒரு ராணி ரோஸ் துண்டும் எடுத்துக்கொண்டேன். நனைத்துப் பிழிந்தபோது விரலிடுக்கில் நீலமாக ஒரு சொட்டு வழிந்தது. எவ்வளவு அழகு என்று அதையும் பார்த்துக்கொண்டு நின்றேன். இருபத்திரண்டு வருடச் செக்கிங் அனுபவம்!

சட்டியை மூடியதும் ஆவி கிளம்பியது. என் மூக்குக்கண்ணாடி மங்கியது. கழற்றி ஷெல்பில் வைத்தேன். அதற்குப் பிறகு நான் அந்த அடுப்படியில் இல்லை. ஆவிக்குள் படிகள் தெரிந்தன. படி ஏறவே கூடாது என்று டாக்டர் சொன்ன மனிதர், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எனக்கு நாலு படி முன்னால் ஏறிக்கொண்டிருந்தார். மூச்சு வாங்கவில்லை. நடுவில் நின்று, திரும்பி, "வா புள்ள, என்ன இத்தன மெதுவா?" என்று கேட்டார். நான் சிரித்துக்கொண்டே வடைகளை எடுத்துக் கல்லில் போட்டு வாட்டினேன். கருப்பாகத் தெரிந்தது. நன்றாக முறுகுகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

"என்ன புள்ள, ஆச்சா?" என்று நிஜத்திலிருந்து குரல் வந்தது.

மூன்று தட்டிலும் வடையும் மிளகாயும் அடுக்கினேன். குனிந்த தலை நிமிராமல் கொண்டுபோய் ஸ்டூலில் வைத்தேன். என் கால் விரலைத் தவிர நான் வேறு எதையும் பார்க்கவில்லை. திரும்பி அடுப்படிக் கதவுக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டேன்.

ஒரு சத்தமும் இல்லை.

ருசி வாயைக் கட்டிவிட்டது என்று நினைத்தேன். என்னமோ மேலே மேலே மிதக்கிற மாதிரி இருந்தது. இதோ கேட்கப்போகிறார்கள், இன்னொன்று கேட்கப்போகிறார்கள்.

ராமசாமியண்ணன் குரல் மெதுவாக வந்தது. "ஏனப்பா... இது வடைதானே?"

என் வீட்டுக்காரர் தொண்டையைச் செருமினார். "வடைதான். எண்ணெ இல்லாத வடை இப்படித்தான் இருக்கும். இப்ப எல்லா ஊட்டுலயும் இதுதான். தின்னுங்கப்பா."

கடிக்கிற சத்தம் கேட்டது. அப்புறம் ஒரு இருமல். அப்புறம் "ஸ்ஸ்ஸ்" என்று நீளமாக ஒரு சத்தம், பஸ் பிரேக் போட்ட மாதிரி. நான் ஷெல்பில் தடவிக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு கதவிடுக்கு வழியாகப் பார்த்தேன்.

முருகா!

தட்டில் நீல வடை இருந்தது. ரோஸ் வடை இருந்தது. மஞ்சள்தூள் பட்ட இடமெல்லாம் பச்சை. மேல்தட்டுத் தண்ணீர் கீழ்தட்டில் சொட்டிய இடமெல்லாம் கத்தரிப்பூ நிறம். ஒரு திருவிழாவே தட்டில் உட்கார்ந்திருந்தது. அவர் பாதி வடையைக் கையில் வைத்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் ஓட, "நல்லாத்தான் இருக்குது" என்று சொல்லிக்கொண்டிருந்தார். சொன்ன வாயில் நாக்கு, பல், எல்லாம் மயில்நீலம்.

சிரித்துத் தட்டைத் தள்ளியிருந்தால் பந்தயம் அவருக்கு. கூட்டாளிகள் முன்னால் என் தலை குனியக் கூடாது என்று அந்த மனிதர் சாயத்தைத் தின்றுகொண்டிருக்கிறார். அப்படியே தரை பிளந்து உள்ளே இழுத்துக்கொண்டால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது.

மணியண்ணன் மட்டும் தின்னவில்லை. ஒரு வடையை எடுத்துச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். திருப்பினார். மோந்தார். கட்டைவிரலால் தேய்த்தார். வேட்டி ஓரத்தில் ஒற்றிப் பார்த்தார்.

"அம்மிணி, இது டர்க்காய்ஸ் துணிங்களா?"

மயில்நீலத்துக்குப் பட்டறையில் அதுதான் பெயர். கதவுக்குப் பின்னால் தலையாட்டினேன். (யாருக்குத் தெரியும்?)

"சோப்பிங் சரியில்லீங்க. சாயம் போட்ட பொறகு ஒரு சுடுதண்ணி அலசு கொறைச்சிருக்கானுங்க. இந்தக் கலரு லேசுல நிக்காதுங்க, அம்மிணி மேல தப்பில்ல." சொல்லிவிட்டுத் திரும்பியவர் அலறினார். "துப்புங்கப்பா ரெண்டு பேரும்! சாயம்!"

"காரத்துல எங்கப்பா துப்பறது? முழுங்கீட்டேன்" என்றார் ராமசாமியண்ணன். அவருக்கு உதடு ராணி ரோஸ்.

"அப்பச் செரி. வயித்துக்குள்ளயே பனியன் போட்டுக்கிட்ட, போ" என்றார் மணியண்ணன்.

அந்த நேரத்தில்தான் கோகிலா வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே வந்தாள். தட்டைப் பார்த்தாள். மாமனார் பல்லைப் பார்த்தாள். "அத்தை! கட்டிங் வேஸ்ட்டுலயா வேகவெச்சீங்க?" என்று கத்திவிட்டு ஓடிப்போய்த் தண்ணீரும் மோரும் கொண்டுவந்தாள். வாய் கொப்பளித்தார்கள். வாசலில் நீலத் தண்ணீரும் ரோஸ் தண்ணீரும் ஓடின. டாக்டருக்குப் போன் போட்டாள். ஒன்றிரண்டு வாய்க்குப் பயமில்லை, பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு, எதற்கோ அவசரமாகப் போனை வைத்துவிட்டாராம். (சிரிக்கத்தான் என்று கோகிலா சொல்கிறாள்.)

நான் கதவுக்குப் பின்னாலேயே நின்றேன். எல்லாம் போயிற்று. நாளைக்கு நாலரை மணிக்கு இவர் கடைக்குப் போவார். எண்ணெய் குடிப்பார். நான் ஒரு வார்த்தை பேச முடியாது. ஆவியும் படிகளும் எங்கோ கலைந்து போயின.

மணியண்ணன் இன்னும் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். முப்பது வருடத் தொழில் அவரை விடவில்லை. "இந்த ரோஸு வேற பட்டறைச் சாயமாட்டத் தெரியுதுங்க. கையில இருக்கற வடை ஒடஞ்சுபோச்சு. அம்மிணி, உள்ள இருந்தா இன்னொண்ணு குடுங்க, பாக்கலாம்."

எப்படிக் கதவைத் தாண்டினேன் என்று தெரியாது. ஹால் நடுவில் நின்றுகொண்டிருந்தேன். நாலு பேர் பார்க்க, நிமிர்ந்த தலையோடு.

"கேட்டுட்டாருங்க" என்றேன்.

"என்னது?" என்றார் என் வீட்டுக்காரர்.

"மணியண்ணன், இன்னொண்ணு குடுங்கன்னு வாயத் தொறந்து கேட்டுட்டாருங்க."

"ஏ புள்ள, அவன் திங்கறதுக்கா கேட்டான்?"

"எதுக்குக் கேக்கோணும்னு நீங்க சொல்லலீங்களே. கேக்கோணும்னுதானுங்களே சொன்னீங்க. ஆண்டவன் மேல சத்தியமுங்க."

என் குரலை முதல்முறை கேட்ட அதிர்ச்சியில் ராமசாமியண்ணன் கையிலிருந்த மோரைக் கீழே வைத்தார். அப்புறம் தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார். "சத்தியம் வேற பண்ணிருக்கறயா? மாட்டுனடா!"

என் வீட்டுக்காரர் என்னையே பார்த்தார். யாரோ புது ஆளைப் பார்க்கிற மாதிரி. எனக்கு வாய் உண்டு என்பது அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது போலிருக்கிறது. அப்புறம் சிரித்தார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபிறகு அவர் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. மழை மேகத்துக்குள் ஒரு கீறல் விழுந்து வெளிச்சம் வந்தது. நீலப் பல் தெரிய அவர் சிரிக்கச் சிரிக்க, அந்த ஹாலே ஏதோ கனவுக்குள் இருக்கிற மாதிரி இருந்தது.

சொன்ன வாக்கைக் காப்பாற்றினார். முணுமுணுத்துக்கொண்டேதான். மறுநாளே கோகிலா வெள்ளைத் துணி ஒரு கட்டு வாங்கி வந்தாள். மிளகாயைப் பாதியாகக் குறைத்துக்கொண்டேன். இப்போது சாயங்காலம் ஆனால் கொள்ளு வடை, வாட்டிய மிளகாய், தட்டில் ஒரு பொட்டு எண்ணெய் நிற்காது. நடுவில் ஒரே ஒரு நாள் அவர் சட்டைப்பையில் ஒரு சின்ன வட்டம் பார்த்தேன். பார்க்காத மாதிரித் துவைத்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கூட்டாளிகள் இருவரும் வந்துவிடுகிறார்கள். மணியண்ணன் முதல் வடையைச் சன்னலுக்கு நேராகப் பிடித்து, வேட்டியில் ஒற்றி, "பாஸுங்க அம்மிணி" என்று சொன்ன பிறகுதான் மற்றவர்கள் கையை வைப்பார்கள்.

இந்தக் கதை சொந்தபந்தமெல்லாம் பரவிவிட்டது. கல்யாணம் காட்சி என்று போனால் எனக்குச் சேலை எடுத்துக் கொடுக்கிறவர்கள் யாரும் சும்மா கொடுப்பதில்லை. "ஏனுங்க, இது கட்டறதுக்குங்க, வேகவெக்கறதுக்கு இல்லீங்க" என்று சொல்லித்தான் கையில் வைக்கிறார்கள். சுற்றி இருக்கிறவர்கள் எல்லாம் சிரிப்பார்கள். நானும் நிமிர்ந்து நின்று, முந்தானை ஓரத்தைக் கொஞ்சம் நனைத்துத் தேய்த்துப் பார்த்துவிட்டுத்தான் வாங்கிக்கொள்கிறேன்.