இருபதாவது உண்ணி

வெள்ளை நூல் கட்டிய குழாயில் ஒன்பதுதான் இருந்தது.

இளங்கோ மறுபடி எண்ணினான். ஒன்பது. மூன்றாம் தடவை மெதுவாக எண்ணினான். மெதுவாக எண்ணினால் கூடும் என்று எவன் சொன்னானோ, அப்போதும் ஒன்பதுதான்.

முதலிபாளையத்தில் ஒரு பனியன் கம்பெனியில் அவன் செக்கிங் சூப்பர்வைசர். பதினோரு வருஷமாக பீஸ் எண்ணியே பிழைக்கிறவன். ஆயிரம் டீசர்ட்டில் ஒன்று குறைந்தால் அடுக்கைப் பார்த்தே சொல்லிவிடுவான். அப்பேர்ப்பட்டவனை இன்றைக்கு எண்ணச் சொல்லியிருந்தது நாயுண்ணியை.

சொன்னவள் அவன் மனைவி பூங்குழலி. கால்நடை மருத்துவம் முடித்துவிட்டு மேற்கொண்டு ஆராய்ச்சி செய்கிறாள். என்ன ஆராய்ச்சி என்று யாராவது கேட்டால் இளங்கோ தனக்குப் புரிந்தபடி சொல்லுவான். நாயைக் கடிக்கிற உண்ணி வயிற்றுக்குள் கிருமியைச் சுமந்துகொண்டு திரிகிறது. கிருமி நாய்க்குள் போனால் நாய் காய்ச்சலில் விழுகிறது. சரி, சுமக்கிற உண்ணிக்கு என்ன ஆகிறது? அதுவும் சுருண்டு படுக்குமா, ஒன்றுமே நடக்காததுபோல ஓடுமா, இல்லை முன்னைவிட வேகமாக ஓடுமா? இதைக் கண்டுபிடிக்கத்தான் அவள் இரண்டு வருஷமாகப் பொங்கலூர்ப் பக்கம் தோட்டம் தோட்டமாக அலைந்தாள். மூன்று நாய்களிடம் கடியும் வாங்கினாள்.

சிவப்பு நூல் கட்டிய குழாயில் இருப்பது நோயில் கிடந்த நாய்களின் உண்ணி, பத்து. வெள்ளை நூல் குழாயில் நல்ல நாய்களின் உண்ணி, பத்து. மூன்று மணிக்கு அவள் கம்பெனிக்கு வந்து ஒவ்வொன்றையும் குச்சியில் ஏறவிட்டு நேரம் குறிக்கப் போகிறாள். அவளுடைய பேராசிரியர் இரண்டு தடவை தவணை கொடுத்துவிட்டார். இன்று மாலைக்குள் முடிவு வராவிட்டால் ஆராய்ச்சியை மூட்டை கட்டிவிடச் சொல்லியிருந்தார்.

கம்பெனிக்கு உண்ணி வந்த காரணம் கரண்ட். அவிநாசியில் அவர்கள் வீட்டுப் பக்கம் இன்று மாதாந்திர மின்தடை. உண்ணிக்குச் சீரான குளிரும் ஈரப்பதமும் வேண்டுமாம். ஏற்றுமதித் துணியின் எடை பார்க்கிற சின்ன ஏசி அறையில் அது இருபத்துநாலு மணி நேரமும் இருக்கிறது. காலை எட்டு மணிக்கே கொண்டுவந்து அங்கே வைத்தான். கூட்டித் துடைக்கிற மயிலாளைக் கூப்பிட்டு, இது என் சம்சாரத்தின் இரண்டு வருஷம், உயிரைப்போல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று தலையில் அடித்துச் சொல்லாத குறையாகச் சொன்னான். மயிலாளும் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

பன்னிரண்டு மணிக்கு பூங்குழலி போன் செய்தாள். "ஏனுங்க, இருபதும் இருக்குதான்னு ஒருக்கா எண்ணிப் பார்த்துருங்க."

ஏசி அறையில் வெளிச்சம் போதாது என்று குழாய்களை செக்கிங் டேபிளுக்கு எடுத்து வந்தான். குழாயின் வாயை மூடியிருந்த துணியை அவிழ்த்து எண்ணினான். சிவப்பில் பத்து. வெள்ளையில் ஒன்பது. டேபிள் மேல் குழந்தைகள் டீசர்ட் நானூறு குவிந்து கிடந்தது. அவிழ்த்தபோது ஒன்று அதற்குள் இறங்கிவிட்டது என்று அவன் முடிவு கட்டினான். வேறு எங்கே போகும்? அந்த நேரம் பார்த்துப் பேக்கிங் ஆட்கள் வந்து குவியலை அள்ளத் தொடங்கினார்கள்.

இளங்கோவுக்குக் கை கால் ஓடவில்லை. உண்ணி என்று சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டால் உண்ணி போகும். பதினோரு வருஷப் பழக்கம் வாயை முந்திக்கொண்டது.

"ஊசி உடைஞ்சிருச்சு! எவரும் ஒரு பீஸையும் நகர்த்தாதீங்க!"

பனியன் கம்பெனியில் இந்த ஒரு வார்த்தைக்கு இருக்கிற மரியாதை சாமிக்குக்கூட இல்லை. ஊசி உடைந்தால் அத்தனை துண்டும் கிடைக்கும்வரை லைன் நிற்கும். துண்டுகளைப் பொருத்தி, டேப் போட்டு ரிஜிஸ்டரில் ஒட்டிக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் மெஷின் ஓடும். குழந்தை போடுகிற துணியில் ஊசிமுனை போய்விடக் கூடாதே. முப்பது பேர் எழுந்தார்கள். நான்கு பேர் காந்தத்தை எடுத்துக்கொண்டு தரையில் தவழ்ந்தார்கள். இளங்கோவும் தவழ்ந்தான். அவர்கள் தேடியது இல்லாத ஊசியை. அவன் தேடியதோ காந்தத்தில் ஒட்டாது.

பக்கத்து மெஷினில் இருந்த டெய்லர் ரோஸ்மேரி மட்டும் எழவில்லை. சாத்தான்குளத்துக்காரி, மனசில் பட்டதைக் கேட்டுவிடுகிறவள்.

"எம் மெஷின்ல ஊசி முழுசாத்தான் இருக்கு. இந்த வரிசையில ஒருத்தருக்கும் உடையல. என்னத்தை சார் தேடுதிய?"

அரை மணி நேரமானது. உண்ணி கிடைக்கவில்லை. மேனேஜர் ஜெபக்குமார் மாடியிலிருந்து இறங்கி வருவதாகத் தகவல் வந்தது. வந்ததும் முதலில் கேட்கப்போவது உடைந்த ஊசி எங்கே என்றுதான். ஊசி வேண்டுமே! இளங்கோ ரோஸ்மேரியிடம் கையைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சி ஒரு பழைய ஊசியை வாங்கினான். டேபிளுக்குக் கீழே குனிந்து, கட்டிங் பிளேயரால் பிடித்து ஒரு அழுத்து அழுத்தினான்.

டிக் என்றது. அடிப்பாதி பிளேயரில் இருந்தது. முனை எங்கோ பறந்துவிட்டது.

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. இப்போது உண்மையிலேயே ஒரு ஊசிமுனை தொலைந்திருந்தது. காந்தக்காரர்களிடம் இனிமேல்தான் ஒழுங்காகத் தேடுங்கள் என்று சொல்லவா முடியும்? ரோஸ்மேரி அவனைப் பார்த்த பார்வையில் அவன் பாதியாகிவிட்டான்.

ஏதோ ஒரு நம்பிக்கையில் டேபிளுக்குத் திரும்பினான். வெள்ளைக் குழாயின் உண்ணி சிவப்புக்குள் புகுந்து, இரண்டு ஒன்றாக ஒட்டிக்கொண்டிருந்தால்? இரண்டு தட்டு எடுத்தான். ஒன்றில் சிவப்பைக் கொட்டினான், மற்றதில் வெள்ளையைக் கொட்டினான். பத்து, ஒன்பது. அப்போது முதுகுக்குப் பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது.

"என்ன இளங்கோ, முனை கெடச்சிட்டா?"

இளங்கோ திரும்பவில்லை. ஒரு தட்டை இன்னொரு தட்டின் மேல் கவிழ்த்து, மேலே கையை வைத்துக்கொண்டு நின்றான். பாதி கிடைத்துவிட்டது, மீதியும் கிடைத்துவிடும் என்றான். முனை கிடைக்காவிட்டால் நானூறு பீஸும் குப்பைக்குத்தான், அதற்கு யார் பதில் சொல்வது என்று மேனேஜர் பத்து நிமிஷம் பேசினார். பத்து நிமிஷமும் தட்டுக்குள் என்ன நடக்கிறது என்பது இளங்கோவுக்குத் தெரியும். அவர் போனதும் மேல் தட்டைத் தூக்கினான். பத்தொன்பதும் ஒரே குடும்பமாகத் திரிந்துகொண்டிருந்தன. எது சிவப்பு, எது வெள்ளை என்று அவற்றைப் பெற்றவளுக்கே தெரியாது.

மணி இரண்டு. அழுகை வந்தது அவனுக்கு. முதலில் எண்ணிக்கையையாவது சரி செய்வோம் என்று கேட்டுக்கு ஓடினான். கேட்டில் பாபின் இருந்தது. அது கம்பெனி வளர்க்காமலே வளர்ந்த நாய். நூல்கண்டைக் கவ்விக்கொண்டு ஓடியதால் அந்தப் பெயர் வந்தது. உண்ணிக்குப் பஞ்சமில்லாத உடம்பு. இளங்கோ அதன் காதைத் திருப்பினான், கால்விரல் இடுக்கைப் பிரித்தான், வாலைத் தூக்கினான். மருந்துக்கு ஒரு உண்ணி இல்லை. பாபின் சுகமாகக் கண்ணை மூடிப் படுத்திருந்தது.

வாட்ச்மேன் சின்னான் ஸ்டூலில் இருந்தபடியே, "காலையிலிருந்து அது சொரியவே இல்லீங்க. நானே அதிசயமாப் பார்த்துட்டு இருக்கறேன்" என்றான்.

நேரம் கெட்டால் நாய்கூட சுத்தமாகிவிடும் என்று நொந்துகொண்டு திரும்பினான். இனி இருக்கிறதைப் பிரித்தாக வேண்டும். எப்படிப் பிரிப்பது? செக்கிங்காரனுக்குத் தெரிந்தது ஒரே வேலை. நல்ல பீஸ் ஒரு பக்கம், செகண்ட்ஸ் ஒரு பக்கம். உண்ணிகளை வெள்ளைத் துணியில் விட்டுக் குனிந்து பார்த்தான். சில விறுவிறுவென்று ஓடின. சில ஊதிப்போய், அசைவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டு கிடந்தன. கிருமி இருந்தால் சோர்வு இருக்கத்தானே செய்யும், மனுஷனுக்கே இருக்கிறதே. சோம்பலாகக் கிடந்த பத்தைப் பொறுக்கி சிவப்பில் போட்டான். ஓடிய ஒன்பதைப் பிடித்து வெள்ளையில் போட்டான். நூலை இறுக்கிக் கட்டினான். தப்பு செய்கிறோம் என்று அவனுக்கு நன்றாகவே தெரிந்தது.

இரண்டே முக்காலுக்கு ஊசிமுனை கிடைத்தது. நானூறு பீஸையும் ஒவ்வொன்றாக உலோகம் கண்டுபிடிக்கிற மெஷினில் விட்டார்கள். ஒன்றும் கத்தவில்லை. கடைசிக் கட்டைத் தூக்கிக்கொண்டு இளங்கோ அருகே போனபோது அது வீறிட்டது. முனை அவன் சட்டைப் பாக்கெட்டின் ஓரத்தில் குத்திக்கொண்டு நின்றது. ரோஸ்மேரி அதை மெல்லப் பிடுங்கி ரிஜிஸ்டரில் ஒட்டினாள். காரணம் என்ற கட்டத்தில் என்ன எழுத என்று மட்டும் கேட்டாள். அவன் குழாய்களை எடுத்துக்கொண்டு ஏசி அறைக்கு ஓடினான்.

மூன்று மணிக்கு பூங்குழலி வந்தாள். ஏசி அறையில் குச்சி, கடிகாரம், நோட்டு எல்லாம் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். மூலையில் மயிலாள் துடைத்த இடத்தையே துடைத்துக்கொண்டிருந்தாள். வெள்ளையில் ஒன்று குறைகிறது என்று இளங்கோ தரையைப் பார்த்துச் சொன்னான். சொன்னதும் கண்ணை மூடிக்கொண்டான்.

"ஒண்ணு குறைஞ்சாப் போகுதுங்க. செத்து உதிர்றது சகஜம். ரெண்டும் கலக்காம இருந்தாப் போதும்."

மத்தியானமெல்லாம் தவழ்ந்தது எதற்காக? தொலைந்தது பெரிய விஷயமே இல்லை. தேடப்போய்க் கலந்ததுதான் கொலை.

அவள் உண்ணிகளை ஏறவிட்டாள். வெள்ளை ஒவ்வொன்றும் குச்சியில் சரசரவென்று ஏறியது. சிவப்பு அடியிலேயே கிடந்தது. அவள் முகம் மலர்ந்துகொண்டே போனது. ஒரு மாசமாகப் பட்டினி போட்டது எப்படி ஊதியிருக்கிறது என்று மட்டும் புருவத்தைச் சுருக்கினாள். அதற்கு நோட்டில் ஒரு கேள்விக்குறி போட்டுவிட்டு, இவ்வளவு தெளிவாக வரும் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை என்றாள். கண்ணில் தண்ணீர் நின்றது. பேராசிரியருக்குப் பேச போனில் கையை வைத்தாள்.

இளங்கோ அந்தக் கையைப் பிடித்தான்.

"போடாத அம்மிணி. ரெண்டும் கலந்திருச்சு. நாந்தான் பிரிச்சேன்."

அவளுக்கு விளங்கவில்லை. கலந்திருந்தால் இப்படிப் பிரித்து வைத்த மாதிரி முடிவு வருமா என்று கேட்டாள். சோர்ந்து கிடந்ததையெல்லாம் செகண்ட்ஸ் என்று சிவப்பில் போட்டேன் என்றான். பிறகு ஊசி, முனை, தட்டு, நாய் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டிவிட்டான். பூங்குழலி நோட்டை மூடி வைத்தாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று அவனுக்குத் தோன்றியது.

கடைசியில் அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு நிமிர்ந்தாள்.

"சரி, விடுங்க. எப்படியும் கடைசியில ஒவ்வொண்ணையும் அரைச்சு டெஸ்ட் பண்ணத்தான் போறேன். எதுல கிருமி இருக்குதுன்னு அதுல தெரிஞ்சுரும். எத்தனை நொடியில ஏறுச்சுன்னு தனித்தனியாக் குறிச்சிருக்கேன். பொருத்திப் பார்த்தாப் போதும். யாரு பிரிச்சிருந்தா என்னங்க, பத்தொம்பதும் நான் பொங்கலூர்ல புடிச்ச உண்ணிதான?"

இளங்கோவுக்குப் போன உயிர் வந்தது. சிரிப்பு வந்துவிட்டது அவனுக்கு. அவளும் சிரித்தாள். இத்தனைக்கும் காரணமான அந்த இருபதாவது உண்ணி எந்த டீசர்ட்டில் ஏறி எந்த நாட்டுக்குப் போகிறதோ என்று அவள் கேட்க, இரண்டு பேரும் இன்னும் சிரித்தார்கள்.

மூலையில் மயிலாள் துடைப்பதை நிறுத்தியிருந்தாள். ஈரத் துணியை இரண்டு கையாலும் பிடித்தபடி அருகே வந்தாள்.

"என்ன தண்டனைன்னாலும் குடு கண்ணு. காலையில கறை எடுக்கிற மருந்து ஊத்திக் குழாயைத் தொடைச்சேன், அந்த நெடியில உன்ற இருபதும் செத்துப்போச்சு. பாபின் மேல எவ்வளவு தேடியும் எனக்குப் பத்தொம்பதுதான் சிக்குச்சு."