உத்தமக் கணவரும் ஒரே ஒரு வசனமும்

உலகம் இதுவரை கண்ட கணவர்களிலேயே தலைசிறந்தவர் அந்தப் பழைய நாவலின் டாக்டர்தான். இதற்கு அசைக்க முடியாத சாட்சி உண்டு: கதையைச் சொல்பவரே அவர்தான், அவரே அப்படிச் சொல்கிறார். மனைவியின் 'உடல்நலம்' கருதி அவளைப் பதினோரு வருஷம் மாடியறையில் பூட்டிவைத்து, சாவியை நெஞ்சோடு சேர்த்து அணைத்துக்கொண்ட மகான்.

அந்த மகானை வானொலி நாடகமாக்கி, கேட்டவர்களையெல்லாம் அழவைத்தவர் நாடகத்தம்மா. அழுதது டாக்டருக்காகத்தான். 'எனக்கும் இப்படி ஒருவர் வாய்க்கக் கூடாதா' என்று கடிதம் போட்ட பெண்கள் ஏராளம். நாற்பது வருஷம் கழித்து நிலையம் மறுபடி அதைப் பதிவு செய்யப்போகிறது. 'மாற்றம் ஏதுமில்லை' என்ற படிவத்தில் அம்மா கையெழுத்திட வேண்டும். அவ்வளவுதான் வேலை.

அதற்குமுன் நாவலை மறுபடி ஒருமுறை வாசித்துவிட்டால் கௌரவமாக இருக்குமே! அம்மாவுக்கு எந்தக் கதையும் பேச்சாகக் காதில் விழுந்தால்தான் மண்டையில் இறங்கும். ஆகவே டாக்டர் பங்கைத் தாமே எடுத்துக்கொண்டு, மனைவி பங்கை மருமகளுக்குக் கொடுத்தார்.

"அத்தை, நான் எப்போ பேசணும்?"

"பொறும்மா. இப்போதான் உன் கண்ணை வர்ணிக்கிறாரு."

மருமகள் ஒரு கூடைத் துணியை மடித்து முடித்தாள்.

"இப்போ?"

"உன் மௌனத்தை வர்ணிக்கிறாரு."

"பேச விட்டாத்தானே தெரியும், நான் மௌனமா இல்லையான்னு!"

இருநூற்றுப் பதினேழாம் பக்கத்தில் வேளை வந்தது. மருமகள் வாசித்தாள்: "கதவைத் திறங்க."

அம்மா கடைசிவரை புரட்டிப் பார்த்தார். டாக்டரின் மனைவிக்கு வேறு பேச்சே இல்லை.

"நாடகத்துல இதை யாரு பேசினாங்க, அத்தை?"

பழைய நாடகப் பிரதி வெளியே வந்தது. அந்த வசனம் சிவப்பு மையில் அடிக்கப்பட்டிருந்தது. ஓரத்தில் அம்மாவின் முத்து முத்தான கையெழுத்து: 'வேகம் குறைகிறது. நீக்கிவிட்டு வயலின் சேர்க்கவும்.'

அம்மா தயாரிப்பாளருக்குப் போன் போட்டார்.

"தம்பி, ஒரு வசனம் சேர்க்கணும்."

"ஐயோ அம்மா! அந்த வயலினுக்காகத்தானே உங்களுக்கு விருதே கொடுத்தாங்க! மாத்தினா நிலையத்துத் தேர்வுக் குழு கூடணும். குழு கூடினா நாடகம் போச்சு. பேசாம கையெழுத்தைப் போட்டு அனுப்புங்க."

தம் பெயரை மறுபடி வானொலியில் கேட்கும் ஆசை அம்மாவுக்குக் கொஞ்சநஞ்சமல்ல. பேனாவைத் திறந்தார், மூடினார், திறந்தார். கடைசியில் 'மாற்றம் ஏதுமில்லை' என்பதை அடித்துவிட்டு, 'காரணம்' என்ற கட்டத்தில் எழுதினார்:

'டாக்டர் கதவைப் பூட்டினார், அவ்வளவுதான். உள்ளேயிருந்து கூப்பிட்டது யார் காதிலும் விழாதபடி வயலின் வைத்தது நான்.'