பஞ்சுவின் முடிச்சுப் பேட்ஜ்

ஒரு காட்டில், பக்கத்துக் காட்டைப் பார்த்துச் சூடு போட்டுக்கொண்டு, ஒரு சாரணர் படை ஆரம்பித்தார்கள். கழுத்தில் ஸ்கார்ஃப், இடுப்பில் கயிறு, வாயில் விசில். மாஸ்டர் யார் என்கிறீர்களா? வீரபாகு என்ற சிறுத்தை. காக்கி டவுசர் போட்டுக்கொண்டால் சிறுத்தையும் வாத்தியார்தான், என்ன செய்ய.

முடிச்சுப் பேட்ஜ் வாங்கினால் முதல் படி. அப்புறம் இரண்டாம் படி, மூன்றாம் படி, ராஜா விருது என்று ஏணி போய்க்கொண்டே இருக்கும். முடிச்சில் மூன்று தடவை தோற்றவரை மாஸ்டர் சாப்பிட்டுவிடலாம் என்பது விதி. பெற்றோர் எல்லாரும் அதற்குத் தலையாட்டித்தான் பிள்ளைகளைச் சேர்த்தார்கள். பேட்ஜ் ஆசை யாரை விட்டது? இதுவரை இரண்டாம் படி ஏறியவர் கிடையாது. முதல் படியிலேயே மாஸ்டருக்கு வயிறு நிறைந்துவிடும்.

பஞ்சு என்ற முயல்குட்டி இரண்டு தடவை தோற்றாயிற்று. அன்று மூன்றாவது தேர்வு. உயிர் போவதைவிட, பேட்ஜ் இல்லாமல் போகிறோமே என்ற துக்கம்தான் அதற்குப் பெரிதாக இருந்தது. அப்படி ஒரு பைத்தியம்.

"உன் முடிச்சைச் சோதிக்க வேற ஆள் எதுக்கு? என்னையே மரத்தோட கட்டுடா," என்றது சிறுத்தை. பஞ்சுவின் முடிச்சு ஒரு தும்மலுக்குத் தாங்காது என்று அதற்குத் தெரியும்.

இந்த இடத்தில் முயல் ஏதோ தந்திரம் செய்தது என்று நினைப்பீர்கள். ஒரு மண்ணும் இல்லை. 'வலது மேல் இடது, இடது மேல் வலது' என்று முணுமுணுத்தபடி, கண்ணீரும் மூக்குச்சளியுமாகக் கட்டியது. சிறுத்தை உதறியது, திமிறியது, உருண்டு பார்க்க முயன்றது. முடிச்சு இம்மியும் அசையவில்லை.

"தேறிட்டே. அவிழ்த்துவிடு."

"அவிழ்க்கறது இரண்டாம் படிப் பாடம் சார். ஏறாத படியைத் தொட்டா பேட்ஜ் கிடையாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"சரிடா, முதல் படிப் பேட்ஜ் கொடுத்தாச்சு. இப்போ அவிழ்."

"உங்க கையால சல்யூட் அடிச்சுக் குத்திவிட்டாத்தான் சார் பேட்ஜ் செல்லும்."

"கையைத்தான் கட்டிட்டியே."

"அதான் சார் எனக்கும் அழுகையா வருது."

நிஜமாகவே தேம்பித் தேம்பி அழுதது. படையே கூடி யோசித்தது. விதியை மீற ஒருவருக்கும் மனசு வரவில்லை; சாரணர் என்றால் ஒழுக்கம் முக்கியமில்லையா? ஆனால் தினம் ஒரு நற்செயலும் செய்தாக வேண்டுமே. அதனால் காலையில் மான்குட்டி அருகம்புல்லைப் பறித்து வந்து மாஸ்டருக்கு ஊட்டிவிடும். அணில் முதுகு சொறிந்துவிடும். பஞ்சு எதிரே விறைப்பாக நின்று, "சார், என் பேட்ஜ் எப்போ சார்?" என்று கேட்கும்.

அதற்கப்புறம் அந்தப் படையில் ஒருவர்கூடத் தேறவில்லை. எல்லாரும் கொழுகொழுவென்று வளர்ந்து, பேரன் பேத்தி எடுத்தார்கள்.

நீதி: வாத்தியாருக்குக் கோரைப்பல் இருந்தால், பாதிப் பாடத்தோடு நிறுத்திக்கொள்வதே முழுப் படிப்பு.