என் பெயரில் ஒரு வடிகான்

விருந்தாளி வருகிறார் என்றால் வீட்டுக் கஷ்டத்தைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுவது எங்கள் தோட்டத்து வழக்கம். கிழிந்த பாய், நசுங்கிய சட்டி, துவைக்காத துணி எல்லாம் உள்ளே போய்விடும். வந்தவர் நல்ல பாயில் உட்கார்ந்து, இனிக்க இனிக்கத் தேத்தண்ணீர் குடித்துவிட்டு, "நீங்க நல்லா இருக்கீங்க" என்று சொல்லிவிட்டுப் போவார். நல்ல வழக்கம்தான். அது ஒருமுறை என்னைக் கோழிக்கூட்டுக்குள் தள்ளியது என்பதைத் தவிர எனக்கு அதன்மேல் கோபம் கிடையாது.

டயகமப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் பிறந்தவள் நான். பொருளியல் படித்து, ஹட்டனில் ஒரு தொண்டு நிறுவனத்தில் வெளிக்கள உத்தியோகத்தராகச் சேர்ந்த புதிது. ஒரே கூரையின் கீழ் வரிசையாக ஒட்டிய வீடுகளான எங்கள் லயத்தில் முதல் பட்டதாரி என்று கோயிலில் போர்த்திய பொன்னாடையின் மடிப்புகூடக் கலையாத நேரம். (அந்தப் பொன்னாடையைப் போட்டுக்கொண்டே வேலைக்குப் போயிருப்பேன். குளிர் வேறு. அம்மாதான் தடுத்தார்.)

முன்பெல்லாம் மாதக் கணக்கில் தூறித் தீர்க்கிற மழை, இப்போது கோபக்காரர் மாதிரி ஒரே மூச்சில் கொட்டிவிட்டுப் போகிறது. லயத்துக்குப் பின்னால் நிற்கும் மண்மேடு ஊறிக் கீழே வருகிறது. மேட்டுக்கு மேலே ஒரு பெரிய வடிகான் வெட்டித் தண்ணீரை ஓடைக்குத் திருப்பிவிட்டால் மண் நிற்கும். நிறுவனத்திடம் இருந்த பணம் ஒரு தோட்டத்துக்குத்தான் போதும். இன்று செலவழிப்பதால் நாளைய நட்டம் எங்கே அதிகம் குறைகிறதோ அங்கே வடிகான். எங்கள் தோட்டத்துக்கு அது வராவிட்டால், அடுத்த பெருமழையில் பின்சுவர் நிற்குமா என்று யாராலும் சொல்ல முடியாது. அந்தச் சுவரில் சாய்ந்துதான் அம்மா தூங்குவார்.

இந்தக் கணக்கை அம்மாவுக்கு விளக்கினேன்.

"அப்போ நடக்காத நட்டத்துக்கு சல்லி குடுப்பாங்களா?"

"ஆமாம்மா."

"அதுக்கா இவ்வளவு வருசம் படிச்ச?" என்று கேட்டுவிட்டு வெங்காயம் உரிக்கப் போய்விட்டார்.

இடத்தைப் பார்த்து முடிவு சொல்லக் கொழும்பிலிருந்து ஒரு மேடம் வருவதாக இருந்தது. சிங்களவர், தமிழ் ஓரளவு பேசுவார், கேட்டாலும் புரியும். மொழிபெயர்க்கிற சாக்கில் நான் இரண்டு கூட்டிச் சொல்லவும் வழியில்லை. தோட்டத் தலைவர் சுப்பையா மாமாவுக்குப் போன் போட்டு, "மாமா, கொழும்புல இருந்து வாறாங்க, எடத்தைக் கொஞ்சம் பாத்து வச்சிருங்க" என்றேன். நான் செய்த மகா புத்திசாலித்தனம் இதுதான். பெரிய தொரை வருவதற்கு முன்னால் காலங்காலமாகத் தோட்டத்தில் சொல்லப்படும் அதே வார்த்தைகள். அதைக் கேட்டால் எங்கள் ஆட்களின் கை தானாகச் சுண்ணாம்பு வாளியைத் தேடும்.

மேடத்தோடு வேனில் போய் இறங்கினேன். எனக்கே இது எங்கள் லயமா என்று சந்தேகம். சுவரெல்லாம் வெள்ளை. வாசலில் கோலம். தப்பு அடித்து வரவேற்று, மேடத்துக்கு மாலை போட்டு, ஆரத்தி எடுத்தார்கள். நான் காட்டுவதாகச் சொல்லியிருந்த பின்சுவர் வெடிப்பின் மேல் புத்தம் புதிய முருகன் கலண்டர் சிரித்தது. போன மழைக்குச் சரிந்த மண்ணை அள்ளிச் சமப்படுத்தி, அங்கே பூச்சாடி வைத்திருந்தார்கள். மேட்டின் மேலே வாய் பிளந்திருந்த வெடிப்பைக்கூடத் தறப்பாள் விரித்து மூடி, அதன்மேல் புல் பரப்பியிருந்தார்கள்.

"எப்புடி?" என்றார் சுப்பையா மாமா பெருமையாக. எனக்கு அழுகை வந்தது. பூரிப்பு என்று நினைத்துக்கொண்டார்.

மேடம் அம்மாவிடம் கேட்டார், "போன மழையில் உங்களுக்கு என்ன நட்டம்?"

"நட்டமா? ஒரு கொறையும் இல்லீங்க மேடம். நீங்க கேசரி எடுத்துக்கங்க."

"மண் விழுந்ததாகச் சொன்னார்களே?"

"அத நாங்களே அள்ளிப்போட்டுட்டோங்க."

"அதற்குக் கூலி?"

சுற்றி நின்ற பெண்கள் சிரித்துவிட்டார்கள். "நம்ம வீட்டு மண்ண அள்ளுறதுக்கு யாருங்க கூலி கேப்பா?" என்றார் அம்மா.

நட்டம் இல்லை, கூலி இல்லை, குறை இல்லை. எங்கள் மரியாதை எங்கள் வடிகானை ஒவ்வொரு வரியாக அழித்துக்கொண்டிருந்தது. மேடத்தின் பார்வை வேனை நோக்கிப் போனது. இனிப் பொறுப்பதற்கில்லை என்று நான் முடிவெடுத்தேன்.

"மேடம், மேலே பாருங்க" என்று சொல்லிவிட்டு மேட்டில் ஏறினேன். புதுச் சேலை. ஹட்டனில் வாங்கிய குதிச் செருப்பு. தறப்பாளை இழுத்து வெடிப்பைக் காட்டுவது என் திட்டம். அதன் ஓரத்தைப் பிடித்து இழுத்தேன். நான் நின்றுகொண்டிருந்ததும் அதே தறப்பாளின் மேல்தான் என்பது இழுத்த பிறகு தெரிந்தது.

தறப்பாள், புல், ஈரமண், பொருளியல் பட்டம் எல்லாம் ஒன்றாகக் கீழே வந்தன. மேட்டடியில் இருந்த கோழிக்கூட்டுக் கூரையை உடைத்துக்கொண்டு இடுப்புவரை உள்ளே இறங்கி நின்றேன்.

"மண்ணு வருது" என்று யாரோ சத்தம் போட்டார்கள்.

அவ்வளவுதான். அதன்பிறகு நடந்ததை இன்றைக்கும் என்னால் நம்ப முடியவில்லை. ஒருவரும் அலறவில்லை. கதவுகள் திறந்தன. ஒவ்வொரு கதவுக்குப் பின்னாலும் ஆணியில் ஒரு பை தொங்குவது வழக்கம். பைகள் தோளுக்கு வந்தன, பிள்ளைகள் இடுப்புக்கு வந்தார்கள், நடக்க முடியாதவர்களை வாலிபர்கள் தூக்கினார்கள், தப்புக்காரர்கள் தப்போடு ஓடினார்கள். ஒருவர் கேசரித் தட்டைக்கூட விடவில்லை. அத்தனை பேரும் பள்ளிக்கூடத்துப் பாதையில் மறைந்துவிட்டார்கள். என் அம்மா ஒரு கையில் பையையும், மறுகையில் மாலையோடு மேடத்தையும் பிடித்துக்கொண்டு போனதை நான் என் கண்ணால் பார்த்தேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கோழிகளும் போய்விட்டன. நானும் முருகன் கலண்டரும்தான் மிச்சம்.

கூட்டை முறித்து வெளியே வந்து, ஒற்றைச் செருப்போடு நொண்டி நொண்டிப் பள்ளிக்கூடம் போய்ச் சேர்ந்தேன். மண்டபத்தில் மேடம் பாயில் உட்கார்ந்திருந்தார். தோளில் அம்மாவின் கம்பளி. கையில் சுடச்சுடச் சாயத்தண்ணி.

"இப்படி எப்போதெல்லாம் வருவீர்கள்?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"பெரிய மழ பேஞ்சா வந்துருவோங்க."

"அப்போது பள்ளிக்கூடம்?"

"நாங்கதானே உள்ள இருக்கோம்? பிள்ளைங்களுக்கு லீவுங்க."

"வேலை?"

"பெரட்டுக்குப் போகாட்டி பேர் இல்லீங்க." ஆளெடுக்கும் இடத்தில் காலையில் நிற்காதவர்களுக்கு அன்றையச் சம்பளம் இல்லை என்று நான் வாசலில் நின்றே சிங்களத்தில் விளக்கினேன். என் மூக்கிலிருந்து சேறு சொட்டியது.

மேடம் அம்மாவின் பையைக் காட்டி, உள்ளே என்ன என்றார். அம்மா பிரித்தார். பிறப்புச் சான்றிதழ்கள், பிரஷர் மாத்திரை, ஒரு மாற்றுச் சேலை. எல்லாவற்றுக்கும் அடியில், பொலித்தீனில் சுற்றிய என் பட்டச் சான்றிதழ். பட்டத்தைக் காப்பாற்றிவிட்டுப் பட்டதாரியை விட்டுவிட்டு வந்திருக்கிறார்.

"ஏம்மா, என்னைய விட்டுட்டு ஓடிட்டீங்களே?"

அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். "விருந்தாளிய விட்டுட்டு ஒன்னையவா இழுத்துக்கிட்டு வரச் சொல்ற?"

முதலில் சிரித்தது மேடம்தான். பிறகு மண்டபமே சிரித்தது. சிரித்து முடித்ததும் அவர் சான்றிதழைத் திரும்பப் பொலித்தீனில் சுற்றி அம்மாவிடம் கொடுத்தார். "இதையெல்லாம் ஏன் முதலில் சொல்லவில்லை?" என்று மெதுவாகக் கேட்டார்.

"வந்த ஒடனே நம்ம கஷ்டத்தையா சொல்லுவாங்க?" என்றார் அம்மா.

போன பள்ளிக்கூட நாட்களும் போன சம்பளமும் நட்டக் கணக்கில் ஏறி, வடிகான் எங்களுக்கே கிடைத்தது. வேலை போய்விடும் என்று நினைத்தேன், போகவில்லை. அந்த மேடத்துக்கும், கோழிக்கூட்டைத் திருத்தித்தா என்று இதுவரை கேட்காத பக்கத்து வீட்டு அக்காவுக்கும் நான் கடமைப்பட்டவள். வடிகானுக்குத் தோட்டத்து ஆட்கள் வைத்த பெயர் கலா கான். நான்தான் கலா. "கலா கான்ல குப்பையப் போடாதீங்க" என்று சுப்பையா மாமா பிள்ளைகளை விரட்டும்போது எனக்குக் கூச்சமாகவும் இருக்கும், சந்தோசமாகவும் இருக்கும்.

இப்போது கலியாணமாகி ஹட்டனில் இருக்கிறேன். முன்பு மழை நாளில் அம்மாவின் போன் வந்தால், எடுப்பதற்கு முன்பே செருப்பைத் தேடுவேன். இப்போதும் போன் வருகிறது. "பேய் மழடி. ஒன் கான்ல தண்ணி போய்க்கிட்டு இருக்கு. நான் சோறு வடிக்கிறேன்" என்பார். நடக்காத நட்டம் எப்படி இருக்கும் என்று அவரிடம் அன்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இப்படித்தான் இருக்கும்.

போன தீபாவளிக்குப் போயிருந்தேன். பை இன்னமும் கதவுக்குப் பின்னால்தான் தொங்கியது. "மறுபடியும் ஓட வேண்டி வந்தா யார இழுத்துக்கிட்டு ஓடுவீங்க?" என்று, குடும்பத்தில் எல்லாரும் கேட்டுக் கேட்டு அலுத்த கேள்வியை நானும் கேட்டேன்.

"ஒன்னையத்தான்" என்றார் அம்மா, நல்ல பாயை எனக்கு விரித்துக்கொண்டே. "இப்ப நீதானே விருந்தாளி."

தேத்தண்ணீர் ஊற்ற அவர் உள்ளே போனதும், நான் குனிந்து கட்டிலுக்கு அடியில் பார்த்தேன்.