சிவப்புத் துணி கட்டிய முப்பத்தொரு முளைகள்

அரைக்கால்சட்டை போடும் வயது தாண்டிய பிறகு மறுபடியும் அதைப் போட்டுக்கொண்டு கண்டி டவுனில் நடக்கத் தனித் துணிச்சல் வேண்டும். எனக்கு அது இருந்தது. (துணிச்சல் என்பது நான் இப்போது வைத்த பெயர். அம்மா அப்போது வைத்த பெயர் வேறு.) வயது இருபத்து நான்கு. ஆசிரியர் நியமனம் கிடைத்து ஏழு மாதம். பாடசாலைச் சாரணர் குழுவுக்கு உதவித் தலைவர். சம்பளமில்லாத பதவிதான், ஆனால் தொப்பி உண்டு, கழுத்தில் கட்ட ஸ்காஃப் உண்டு, விசில் உண்டு. விசிலைக் கையில் கொடுத்த அன்றே நான் பாதி கெட்டுப்போனேன்.

ஒன்றை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். என்னை யாராவது "சேர்" என்று கூப்பிட்டு, உட்காரக் கதிரை போட்டு, குடிக்க ஏதாவது தந்தால் நான் எதற்கும் தலையாட்டிவிடுவேன். இன்றைக்கும் எனக்கு அந்த வியாதி இருக்கிறது. அன்றைக்கு அது முற்றிப்போயிருந்தது.

குழுத் தலைவர் நிஸாம் சேர். அலவத்துகொடையிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிற கணித ஆசிரியர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். கயிறு என்றால் அவருக்கு உயிர். ஆசிரியர் அறையில் பேசிக்கொண்டே எதையாவது எதோடாவது முடிந்துவிடுவார். பேச்சு முடிந்து நான் என் பையை எடுத்தால் மேசையும் கூடவே வரும். குரலை உயர்த்தவே மாட்டார். கோபம் வந்தால் இன்னும் மெதுவாகப் பேசுவார், அதுதான் பயமாக இருக்கும்.

அந்த வருடம் பெரிய வகுப்புப் பையன்கள் இருபத்து நான்கு பேருக்கு ஒரு நாள் மலைநடை வைத்தோம். கலஹா பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் அடிவாரத்தில் தொடங்கி, வழியில் வைத்திருக்கும் அடையாளங்களைத் தாங்களே கண்டுபிடித்து, உச்சிப் பாறைக்கு வந்து சேர வேண்டும். கண்டதையெல்லாம் குறிப்புப் புத்தகத்தில் எழுத வேண்டும். ஒழுங்காக முடித்தால் சட்டையில் ஒரு சின்னம் ஏறும்.

அதற்காக மூன்று சனிக்கிழமைகள் விளையாட்டு மைதானத்தில் நாங்கள் பட்ட பாட்டை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது, கொஞ்சம் ஏக்கமும் வருகிறது. ஒவ்வொரு பையையும் தராசில் நிறுத்தோம். ஒருவன் தலையணை கொண்டுவந்திருந்தான். ஒருவனுடைய அம்மா ஒரு நாள் பயணத்துக்கு ஐந்து நாள் சோறு கட்டியிருந்தார். அட்டை ஏறாமலிருக்கக் காலுறையில் சவர்க்காரம் பூசச் சொன்னேன். பூசிவிட்டு மைதானத்தில் ஓடினார்கள், மழை வந்தது, இருபத்து நான்கு பேரின் சப்பாத்திலிருந்தும் நுரை பொங்கியது. அதிபர் ஜன்னலால் எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் ஜன்னலைச் சாத்தினார்.

வழி அடையாளம் வைப்பது என் பொறுப்பு. முதல் நாள் வெள்ளிக்கிழமையே போய் வைக்க வேண்டும். நிஸாம் சேர் தெளிவாகச் சொன்னார்.

"கல்லு, கம்பு, புல்லு முடிச்சு. அது போதும், அன்டன். வேற ஒண்டும் வாணாம்."

எனக்கு அது பழங்காலத்து வேலையாகத் தெரிந்தது. கல்லும் கம்பும் எந்த மடையனும் வைப்பான். நான் நவீனமாகச் செய்து காட்டுவதென்று முடிவெடுத்தேன். தச்சுப் பட்டறையில் சொல்லி முப்பத்தொரு மர முளைகள் சீவினேன். ஒவ்வொன்றுக்கும் வெள்ளைப் பெயின்றால் இலக்கம் போட்டு, தலையில் சிவப்புத் துணி கட்டினேன். கட்டட வேலை செய்கிற நண்பனிடம் ஐம்பது மீற்றர் அளவு நாடா இரவல் வாங்கினேன். ஒரு முளைக்கும் மற்றதற்கும் எத்தனை மீற்றர் என்று எழுதிவைக்க ஒரு அட்டையும் பேனையும். வழியில் அம்புக்குறி போட ஒரு பை சுண்ணாம்பு. இவ்வளவையும் தூக்கிக்கொண்டு, காக்கியும் தொப்பியுமாகப் பேராதனையில் கலஹா பஸ் ஏறினேன். கொண்டக்டர் எனக்கு எழும்பி இடம் கொடுத்தார். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

தோட்டத்தை நடத்தும் துரையிடம் நிஸாம் சேர் ஏற்கனவே அனுமதி வாங்கியிருந்தார். ஆனால் பாதை, தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்துக்குப் பின்னால், மரக்கறிப் பாத்திகளுக்கு நடுவே போனது. அங்கே இருப்பவர்களிடம் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல வேண்டுமென்று எங்களுக்குத் தோன்றவுமில்லை.

நான்காவது முளையை அடித்துக்கொண்டிருந்தேன். போஞ்சிக் கொடிக்குக் கம்பு நட்டுக்கொண்டிருந்த ஒரு பெண் நிமிர்ந்து பார்த்தார். நாற்பது வயது இருக்கும். பெயர் செல்வமணி என்று பிறகு தெரிந்துகொண்டேன். மண் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு மெதுவாகக் கிட்ட வந்தார்.

"சேர், காணி அளக்கவா வந்திருக்கீங்க?"

தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு இந்தக் கேள்வியை விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். லயத்து ஒற்றையறைக் காம்பராவும் அதன் பின்னாலுள்ள பாத்தியும் அங்கே தலைமுறை தலைமுறையாக இருப்பவர்களுக்குச் சொந்தமில்லை. தேர்தல் வரும்போதெல்லாம் ஆளுக்கு ஏழு பேர்ச் காணி, தனி வீடு என்று யாராவது மைக்கில் சொல்லிவிட்டுப் போவார்கள். போனவர்களுக்குப் பின்னால் ஒருநாள் அளக்க ஆள் வரும் என்பது சனங்களின் நம்பிக்கை. நானும் லயத்தில் பிறந்தவன்தான். அப்பாவுக்கு மாதா கோயில் பாதர் சாரதி வேலை கொடுத்த பிறகு, பத்து வயதில்தான் டவுனுக்கு வந்தேன். நாடா, இலக்கம் போட்ட முளை, சிவப்புத் துணி, காக்கி உடுப்பில் ஒரு ஆள்: இதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாது என்று சொன்னால் மேலே இருப்பவர் மன்னிக்க மாட்டார். செல்வமணியக்கா என்னை யாரென்று நினைக்கிறார் என்பது அந்த நிமிஷமே எனக்கு நன்றாக விளங்கியது.

"இல்லக்கா, நான் சாரணர், நாளைக்குப் பையன்கள் நடக்க வர்றாங்க" என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் யாரோ கதிரை கொண்டுவந்து போட்டுவிட்டார்கள்.

பிறகு பால் தேத்தண்ணி வந்தது, விருந்தாளிக்கென்று எடுத்துவைக்கும் பூப்போட்ட கோப்பையில். தட்டில் கிரீம் பிஸ்கட். சுற்றிலும் பத்துப் பன்னிரண்டு பேர், எல்லோரும் நின்றுகொண்டு, நான் மட்டும் உட்கார்ந்துகொண்டு. ஒரு பெரியவர் தலைத் துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். பாடசாலையில் என்னைப் பியோன்கூட இருத்தியதில்லை.

"எப்ப சேர் குடுப்பாங்க?" என்று செல்வமணியக்கா கேட்டார்.

நான் பிஸ்கட்டை விழுங்கிவிட்டு, அட்டையைப் புரட்டிப் பார்த்து (அதில் மீற்றர் கணக்குத்தான் இருந்தது), "அதையெல்லாம் மேலிடத்திலதான் சொல்லணும்" என்றேன்.

எல்லோரும் மரியாதையாகத் தலையாட்டினார்கள். இத்தனை காலமும் கேட்டுப் பழகிய அதே பதில் கிடைத்ததும் நான் அசல் உத்தியோகத்தர்தான் என்று அவர்களுக்கு உறுதியாகிவிட்டது. மேலிடம் என்று நான் சொன்னது நிஸாம் சேரை, அதனால் அது பொய்யில்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு, மிச்ச முளைகளையும் உச்சி வரை அடித்துவிட்டு வீடு திரும்பினேன். கடைசி ஏழு முளைகளை இரண்டு இளைஞர்கள் எனக்காகச் சுமந்துகொண்டு வந்தார்கள்.

மறுநாள் காலை அணிக்கு ஆறு பேராக நான்கு அணிகளை அடிவாரத்தில் அனுப்பிவிட்டு (முதல் முளை வளைவுக்கு அப்பால் என்பதால் நாங்கள் அதைப் பார்க்கவில்லை), நானும் நிஸாம் சேரும் துரை பங்களாப் பாதையால் குறுக்கே ஏறி உச்சிப் பாறையில் போய்க் காத்திருந்தோம். முதல் அணி ஒன்பது மணிக்கு வர வேண்டும். பத்து மணியாகியும் ஆளில்லை. என் நவீன முறையைப் பற்றி நான் விளக்கிக்கொண்டிருந்தேன். நிஸாம் சேர் கேட்டுக்கொண்டே கயிற்றில் ஒரு முடிச்சுப் போட்டார், அவிழ்த்தார், மறுபடி போட்டார்.

"உச்சியில அடிச்ச முளை எங்க?" என்று திடீரென்று கேட்டார்.

பார்த்தேன். முப்பத்தொன்று இல்லை. குழிதான் இருந்தது. கீழே இறங்கினோம். முப்பதும் இல்லை, இருபத்தொன்பதும் இல்லை. இரவு பெய்த மழையில் சுண்ணாம்பு அம்புகளும் கரைந்துபோயிருந்தன. லயத்தை நெருங்கும்போதுதான் பையன்களின் சத்தம் கேட்டது.

நடந்தது இதுதான். முளையில் இலக்கம் இருந்தது. லயத்துக் காம்பராக்களுக்கும் இலக்கம் இருந்தது, முன்பக்கம் ஒன்றிலிருந்து பன்னிரண்டு, பின்பக்கம் பதின்மூன்றிலிருந்து இருபத்து நான்கு. ஏழாம் இலக்க முளை பன்னிரண்டாம் வீட்டுப் பாத்தியில் நின்றால் நாளைக்குக் காணி மாறிப் போய்விடாதா? பாவம், சேர் இடம் தெரியாமல் அடித்துவிட்டார் என்று, விடிந்ததும் எல்லோருமாகச் சேர்ந்து என் பிழையைத் திருத்தியிருந்தார்கள். அந்தந்த முளை அந்தந்த வீட்டு வாசலில் நேர்த்தியாக நின்றது. சில முளைகளுக்கு மஞ்சள் பூசிக் குங்குமமும் வைத்திருந்தார்கள்.

என் பையன்கள் நல்ல பயிற்சி பெற்றவர்கள். ஒன்றுக்குப் பிறகு இரண்டு, இரண்டுக்குப் பிறகு மூன்று என்று இலக்கம் பிசகாமல் போய், இருபத்தைந்தைக் காணாமல் மறுபடி ஒன்றிலிருந்து லயத்தைச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். அடிவாரத்தில் தொடங்கிய நான்கு அணிகளும் அங்கேதான். முதல் அணி மூன்றாவது சுற்றில் இருந்தது. ஒருவனுடைய குறிப்புப் புத்தகத்தை வாங்கிப் பார்த்தேன். 'இலக்கம் 4: வீடு. நாய் உண்டு. இலக்கம் 5: வீடு. தேநீர் தந்தார்கள். இலக்கம் 6: வீடு. தேநீர் தந்தார்கள். இலக்கம் 7: வேண்டாமென்றோம், தந்தார்கள்.'

பின்பக்கம் ஒரே கூச்சல். இருபத்தைந்திலிருந்து முப்பத்தொன்று வரையான ஏழு முளைகளுக்கு வீடில்லை. அப்படியானால் அவை ஒரே காம்பராவில் பெற்றோரோடு நெருங்கிக்கொண்டிருக்கும், கலியாணம் முடித்த மகன்களுக்கு என்று தீர்மானித்திருந்தார்கள். சரியான தீர்மானம்தான். ஆனால் மகன்கள் ஒன்பது பேர். செல்வமணியக்காவும் பக்கத்துக் காம்பரா ராசுவும் இருபத்தெட்டாம் முளையை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பதினைந்து வருடம் ஒரே சுவருக்கு இரண்டு பக்கமும் அடுப்பெரித்தவர்கள், அன்று ஒருவரையொருவர் பேசிய பேச்சை எழுத முடியாது.

என்னைக் கண்டதும் செல்வமணியக்கா, "இந்தா சேரே வந்துட்டாரு! சேர், நீங்களே சொல்லுங்க, இது யாருக்கு?" என்றார்.

நிஸாம் சேர் என்னைப் பார்த்தார். முளையைப் பார்த்தார். எல்லாம் விளங்கிவிட்டது அவருக்கு. மிக மிக மெதுவாகப் பேசினார்.

"இவங்க என்னத்த நெனச்சிட்டு ஈக்கிறாங்க, அன்டன்?"

சொன்னேன்.

"நேத்தே தெரியுமா?"

"தெரியும் சேர்."

"அப்ப நீங்கதான் இவங்களுக்கு உண்மையச் செல்லணும்."

அந்த லயத்து வாசற்படியில் ஏறி நின்று பேசிய இரண்டு நிமிஷத்தில் என் தொப்பி ஒரு மூட்டை நெல் கனம் கனத்தது. நான் காணி அளக்க வந்தவனில்லை, பள்ளிக்கூட மாஸ்டர், இது பையன்கள் நடந்து பழக வைத்த அடையாளம், காணி பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது, மன்னித்துக்கொள்ளுங்கள். அடிப்பார்கள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அப்ப காணி இல்லீங்களா?" என்றார் செல்வமணியக்கா.

"இல்லக்கா."

"நேத்து டீ குடிக்கிறப்ப இது ஒங்களுக்குத் தெரியும்."

"தெரியும்க்கா."

அவர் முளையின் தன் பக்கத்துப் பிடியை விட்டார். ராசுவும் விட்டார். பிறகு ஒவ்வொருவராகத் தங்கள் வாசல் முளையைப் பிடுங்கி வந்து என் காலடியில் போட்டுவிட்டுப் போனார்கள். மஞ்சள் பூசிய முளையொன்றைப் போடும்போது அந்தப் பெரியவர் மட்டும் அதைக் குனிந்து மெதுவாக வைத்தார்.

கடைசியில் செல்வமணியக்காதான் அந்தக் குவியலை அள்ளினார். "புள்ளைங்க காலையிலிருந்து சுத்தி சுத்தி வருதுக. ரொட்டியாவது சுடுவோம்" என்று சொல்லிக்கொண்டே முளைகளை அடுப்புக்குக் கொண்டுபோனார். நன்றாகக் காய்ந்த மரம், நன்றாக எரிந்தது. பையன்கள் தேங்காய் ரொட்டியும் கட்டாச் சம்பலும் வயிறு முட்டத் தின்றார்கள். எனக்கும் தட்டு வந்தது. ஆனால் கதிரை வரவில்லை, நான் கேட்கவுமில்லை. இரண்டு வாரம் கழித்து மறுபடி நடந்தோம், கல்லும் கம்பும் புல்லு முடிச்சும் வைத்து. எல்லோரும் உச்சிக்கு வந்து சேர்ந்தார்கள்.

நிஸாம் சேர் ஓய்வு பெற்றுப்போய், இப்போது குழு என் தலையில். இன்றைக்கும் வருடம் ஒருமுறை அந்த வழியால்தான் நடக்கிறோம். முதல் நாளே போய், காம்பரா காம்பராவாகத் தட்டி, "நாங்க சாரணர், நடக்கத்தான் வர்றோம், எங்களால ஒண்ணும் கிடைக்காது" என்று சொல்லிவிட்டு வருவேன். "தெரியும் காணி சேர், வந்து டீ குடிங்க" என்பார்கள். ஆமாம், அந்தப் பக்கத்தில் என் பெயர் காணி சேர். பஸ்ஸில், பேராதனைச் சந்தியில், ஆஸ்பத்திரி வரிசையில், எங்கே கண்டாலும் அந்தப் பெயரால்தான் கூப்பிடுகிறார்கள். என் மகனின் போனிலும் நான் அப்படித்தான் பதிவாகியிருக்கிறேன். வீட்டில் நான் கொஞ்சம் மிடுக்காகப் பேசினால் போதும், மனைவி சமையலறையிலிருந்து, "காணி சேருக்கு ஒரு கதிரை போடுங்க" என்பாள்.

போன மாதமும் போனேன். செல்வமணியக்காவுக்குத் தலை நரைத்துவிட்டது, அதே காம்பராதான். தேத்தண்ணியை நீட்டிக்கொண்டே, "என்ன காணி சேர், இந்த வருசமாவது அளப்பீங்களா?" என்றார். லயமே சிரித்தது. நானும் சிரித்தேன். எல்லோரும் சிரித்து முடித்த பிறகும் அக்கா கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.