மூன்று முழங்கால் விண்ணப்பம்

மனித உடம்பில் முழங்கால் என்று ஒன்று இருப்பதை அரசாங்கம் ஒருபோதும் மறுத்ததில்லை. அது தேய்ந்துபோனால் மாற்றிக்கொள்ளலாம் என்பதையும் பெரிய மனசு பண்ணி ஒப்புக்கொண்டிருக்கிறது. எந்த முழங்காலை மாட்டுவது என்பதில்தான் சிக்கல்.

மலைமேல் மன்னவனூர் கருப்பம்மாளுக்குத் தேய்ந்தது வலது முழங்கால். தலைச்சுமையாக கேரட் தூக்க ஆரம்பித்து, இன்றைக்கு ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் வாரம் ரெண்டு லோடு இறக்குகிற பொம்பளை. பள்ளிக்கூடம் பக்கம் போனதில்லை. ஏமாத்தினவன் அத்தனை பேரும் அவளுக்கு வாத்தியார். நின்று பேரம் பேசினால்தான் அவளுக்கு விலை நிற்கும். இப்போது கொஞ்ச நாளாக மண்டியில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். விலையும் கூடவே உட்கார்ந்துவிட்டது. கமிஷன் கடை சேனாதிபதி, "நீங்க உக்காந்தே பேசுங்கக்கா, என்ன அவசரம்" என்று சொல்லிச் சொல்லியே அவளைக் கரைத்துக்கொண்டிருந்தார்.

அடிவாரத்து ஆஸ்பத்திரியில் டாக்டர் குமரகுரு எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"ரெண்டு வகை இருக்கும்மா. ஒண்ணு, ரெடியா வர்றது. ஒண்ணுலேருந்து எட்டு வரைக்கும் சைஸ். உங்களுக்கு அஞ்சு."

"நாலுக்கு முடிங்க" என்றாள் கருப்பம்மாள். ஒரு எண்ணைக் கேட்டுவிட்டு அதைக் குறைக்காமல் விட்டது அவள் சரித்திரத்திலேயே கிடையாது.

"இது சைஸும்மா. விலை இல்லை."

"சரி, ஒங்களுக்கும் வேணாம் எனக்கும் வேணாம். நாலரை."

"நாலரை வராது."

"அரை நம்பர் இல்லாத கடையில நான் செருப்புக்கூட எடுக்க மாட்டேன். இன்னொரு வகை என்னா?"

"உங்க காலை ஸ்கேன் பண்ணி, உங்க ஒருத்தருக்குன்னே செஞ்சு வர்றது. பெரிய ஊர்ல இப்ப அதுதான் பேஷன். ஆனா உங்களுக்கு அஞ்சே அம்சமா உக்காரும். அளவெடுத்துச் செஞ்சாத்தான் நல்லா நடப்பீங்கன்னு அடிச்சுச் சொல்ல எங்கிட்ட ஆதாரமில்லை."

'உங்க ஒருத்தருக்குன்னே' என்ற இடத்திலேயே அவள் காது சாத்திக்கொண்டது. யார் காதுதான் திறந்திருக்கும்?

"அம்பத்தெட்டு வயசு வரைக்கும் ஒரு ரவிக்கைகூட ரெடிமேட்ல போட்டதில்லை. காலையா போடுவேன்?"

செலவை ஏற்கும் அரசுக் காப்பீட்டுத் திட்ட அலுவலகத்தில் கண்காணிப்பாளர் ஜெயமுருகன் இருந்தார். விதியைத் தவிர வேறெதற்கும் தலை வணங்காத தங்கமான மனிதர்.

"அளவெடுத்துச் செய்யுறதுன்னா அது கொள்முதல்ங்க. கொள்முதல்னா ஒப்பிட்டுப் பாக்க மூணு கம்பெனியோட விலைப்புள்ளி வேணும்."

"செய்யுறதே ஒரு கம்பெனிதானாம்ல?"

ஜெயமுருகன் விதிப்புத்தகத்தைப் புரட்டினார். நெற்றியைத் தடவினார். முகம் தெளிந்தது.

"அப்ப கம்பெனி ஒண்ணு, முழங்கால் மூணு. ஒப்பீடுதான முக்கியம்?"

"எனக்குத் தேஞ்சது ஒரு காலுங்க."

"அது ஒண்ணு. வெளியாள் முழங்கால் ரெண்டு, ஆதார் நகலோட. அப்புறம் மூணு முழங்காலுக்கும் இருப்பிடச் சான்று."

"முழங்கால் எங்கிட்டதாங்க இருக்கு. வேற எங்க இருக்கும்?"

"அதத்தான் எழுதி வாங்கிட்டு வரச் சொல்றேன்."

கிராம நிர்வாக அலுவலர் எழுதித் தந்தார்: 'மேற்படி முழங்கால், மேற்படி நபரின் வலது காலிலேயே பிறந்தது முதல் நிரந்தரமாக வசித்து வருகிறது. வெளியூர் சென்று தங்கியதாகத் தகவல் இல்லை.'

வெளியாள் முழங்காலுக்குக் கொழுந்தன் செல்லப்பாண்டியையும் ஜீப் டிரைவர் பழனிக்குமாரையும் பிடித்தாள். செல்லப்பாண்டி கொஞ்சம் பயந்தான். "ஏலே, வெட்டவா போறாங்க? படந்தான எடுக்கப் போறாங்க, வெரசா ஏறு" என்று ஜீப்பில் தள்ளினாள். மூன்று பேருக்கும் ஸ்கேன் ஆயிற்று.

நாற்பது நாள் கழித்து முழங்கால் ஒரு பெட்டியில் வந்தது. கூடவே உத்தரவு:

'பார்வையில் காணும் மூன்று முழங்கால்களும் கூர்ந்து பரிசீலிக்கப்பட்டன. விதிகளின்படி மிகக் குறைந்த புள்ளியே ஏற்கத்தக்கது என்பதால், மூன்றில் சிறியதான திரு. செல்லப்பாண்டியின் முழங்கால் ஏற்கப்பட்டு, அதன் அளவில் செய்து பெறப்பட்டுள்ளது. ஏனைய முழங்கால்கள் நிராகரிக்கப்படுகின்றன.'

கருப்பம்மாள் நொண்டிக்கொண்டே போய் உத்தரவை ஜெயமுருகன் மேஜையில் அறைந்தாள்.

"வலி எனக்கு, அளவு அவனுக்கா?"

"ஆனா அவருக்கு மாட்டிப் பாருங்க, ஒரு நூல் பிசகாது."

"அவன் காலு நல்லாத்தானய்யா இருக்கு."

"அது சுகாதாரம்ங்க. நாங்க கொள்முதல்."

பதினைந்து நாளுக்குள் அறுவைச் சிகிச்சைக்கு ஆஜராகும்படி செல்லப்பாண்டிக்கு நோட்டீஸ் போயிற்று. மறுநாள் காலை அவன் நொண்டிக்கொண்டே மதினி வீட்டுக்கு வந்தான்.

"என்னாலே நொண்டுற?"

"எனக்குன்னே செஞ்சு பெட்டியில கெடக்காம்ல மதினி. வீணாப் போயிரக் கூடாதுல்ல."

"நல்ல காலை அறுத்துப்போட்டு வேற மாட்டுவியா? போயி பூண்டுக்குத் தண்ணி பாய்ச்சுற சோலியப் பாரு."

அவன் நொண்டலை நிறுத்த ரெண்டு நாள் ஆயிற்று.

கருப்பம்மாள் யாருக்கும் சொல்லாமல் டாக்டரிடம் போனாள். "அஞ்சையே போடுங்க" என்றாள், ஒரு நம்பர்கூடக் குறைக்காமல். ரெடிமேடுக்கு அனுமதி அன்று சாயங்காலமே வந்துவிட்டது. மூன்று மாதத்தில் மண்டியில் கால் ஊன்றி நின்றாள். அன்றைக்கு கேரட் விலை சேனாதிபதி கையைவிட்டு அவள் கைக்கு வந்தது.

"தேக்கு மரமாட்டம் நிக்கிறீகளேக்கா" என்றார் அவர். "ரெடிமேடா, அளவெடுத்ததா?"

சுற்றி நின்ற வியாபாரி, தரகர், லாரிக்காரர் எல்லாரும் காதைத் தீட்டிக்கொண்டார்கள். 'அஞ்சு' என்பது அவள் நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

"என்னையப் பாத்தா ரெடிமேட் மாட்டுற ஆளாட்டமா தெரியுது? எனக்குன்னே செஞ்சது. மூணு முழங்கால்ல பொறுக்கி எடுத்தது."

அடுத்த லோடு அறுபது மூட்டை. வெள்ளனே வந்து இறக்கினாள். மண்டியில் ஒரு கடைகூடத் திறக்கவில்லை. டீக்கடைக்காரர் மட்டும் பாய்லரைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"எங்கய்யா ஒருத்தரையும் காணோம்?"

"இன்சூரன்ஸ் ஆபீசுக்குப் போயிட்டாகக்கா. அளவெடுத்த காலுக்கு எழுதிக் குடுக்க. ஆளுக்கு மூணு முழங்கால் வேணுமாம்ல, பத்தலைன்னு லோடுமேன்களையும் ஏத்திட்டுப் போயிட்டாக."

"அத்தனை பேருக்குமா வலி?"

"வலியெல்லாம் ஒருத்தருக்கும் இல்லக்கா."

வெயில் ஏறியது. கேரட் வாட ஆரம்பித்தது. கருப்பம்மாள் அறுபது மூட்டைக்கு நடுவில் நின்றாள். மத்தியானம் வரைக்கும் நின்றாள். முழங்கால் துளிகூட வலிக்கவில்லை.