ஒரு சொட்டும் சிந்தக் கூடாது

பிழை குறைப்பவர் என்று ஓர் இனம் உண்டு; நீங்கள் பார்த்திருப்பீர்கள். பிழை செய்கிறவர்களோடுகூடக் காலம் தள்ளிவிடலாம். இவர்களோடு?

சொட்டு சாரையே எடுத்துக்கொள்ளுங்கள். அவருடைய உண்மைப் பெயரை அலுவலகம் மறந்து நாளாயிற்று. மின்னழுத்தத்தை அளந்து எண்ணாக மாற்றும் சிப்பு ஒன்றை வடிவமைப்பது அவர் வேலை. அதற்குள் மின்தேக்கிகள் குட்டிக் குட்டி டம்ளர்கள் மாதிரி. சுவிட்சுகள் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மின்னூட்டத்தை ஊற்றிக்கொண்டே இருக்கும். ஊற்றினால் சிந்தாதா? ஒவ்வொரு சுவிட்சும் அணையும்போது ஒரு சொட்டு சிந்தும். அந்தச் சொட்டுதான் சாரின் பரம எதிரி.

அதற்கு அவரிடம் ஒரு வைத்தியமும் உண்டு: முதலில் எதையும் ஊற்றாமல் வெறுமனே அளப்பது, வருகிற பிழையைக் குறித்துக்கொள்வது, பிறகு நிஜமாக அளந்து அதைக் கழித்துவிடுவது. நல்ல வைத்தியம்தான். சிப்போடு நிறுத்தியிருந்தால்! காலிப் பையை நிறுத்துப் பார்த்த பிறகே காய் வாங்குவார், காலி நாற்காலியை ஆட்டிப் பார்த்த பிறகே உட்காருவார், ஒரு நாள் மனைவியிடமே போய், “நீ சும்மா இருக்கும்போது குரல் எவ்வளவு ஏறுதுன்னு தெரிஞ்சாத்தானே கோபத்தைச் சரியா கணக்குப் பண்ண முடியும்?” என்று கேட்டுவிட்டார்.

“இதுதாங்க சும்மா இருக்கிற குரல். மத்ததையும் காட்டட்டுமா?”

பக்கத்து மேசையில் சிப்பின் படம் வரைகிற பெண்தான் பாவம். பதினான்கு மாதம் வரைந்திருக்கிறாள். அன்று ஐந்து மணிக்குள் படம் சிப்பு செய்கிற ஆலைக்குப் போக வேண்டும். தவறினால் ஆலையின் அடுத்த முறைக்கு நான்கு மாதம் காத்திருக்க வேண்டும். அவளுக்கோ பிரசவத்துக்கு மூன்றே மாதம்.

நாலு ஐம்பதுக்கு சார் நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்தார்.

“ஏம்மா, அந்த ஏழாவது சுவிட்சு சிந்துறதை உறிஞ்ச, பக்கத்துல ஒரு போலி சுவிட்சு போட்டா என்ன?”

“போன வாரமே போட்டாச்சு சார்.”

“அதுவும் சிந்துமே!”

“அதை உறிஞ்ச இன்னொன்னா?”

“பாத்தீங்களாம்மா, உங்களுக்கே தோணுது!” என்று சார் பூரித்தார்.

மணி நாலு ஐம்பத்தாறு. அவள் அழவில்லை, கத்தவில்லை. அவர் வைத்தியத்தையே கையில் எடுத்தாள்.

“சார், அனுப்புறதுலயே பிழை வந்துட்டா? முதல்ல சும்மா ஒரு ஒத்திகை பாத்துடட்டுமா?”

சார் உருகிப்போனார். “இத்தனை வருஷத்துல யாருமே இதைக் கேட்டதில்லம்மா. பாருங்க, பாருங்க!”

பொத்தானைத் தட்டினாள்.

“எவ்வளவு பிழை?”

“சுத்தமா இல்ல சார்.”

“அப்போ அந்த ரெண்டாவது போலி சுவிட்சையும் போட்டுட்டு, நிஜத்தை அனுப்பிடலாம்.”

“அதுதான் சார் நிஜம்” என்று சொல்லிக் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

பத்தாவது வாரம் சிப்பு வந்தது. அனுமதித்த பிழையில் பாதிகூட இல்லை. அலுவலகமே துள்ளியது. சார் மட்டும் அளவுகருவியைச் சந்தேகத்தோடு தட்டிக்கொண்டிருந்தார்.

சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். ஆனால், முடிந்துபோன வேலையை ‘இன்னும் ஒரே ஒரு தடவை பார்த்துவிடுகிறேன்’ என்று நீங்களும் இன்று யாரையாவது காக்க வைத்திருந்தால், அவர் திடீரென்று இவ்வளவு பணிவாகப் பேசுவது எதற்காக என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.